வீடு: சாப்பிடும் வரிசை

வார்னிஷ் நெடி மூக்கைத் துளைக்கிறது. நீர் இருந்திருந்தால், "நெடியா? கஸ்தூரி ஓய் இது!" என்று சண்டைக்கு வந்திருப்பீர். புது அலமாரி வந்துவிட்டது. தேக்கு மரம், பித்தளைப் பிடி, ஆள் உயரத்துக்கு இழுப்பறைகள். இதற்காக வருஷா வருஷம் நீர் எழுதிப் போட்ட விண்ணப்பங்கள் எந்த மேஜையில் குறட்டை விட்டனவோ தெரியாது. நீர் கண் மூடிய பிறகு ஒன்று கண் விழித்திருக்கிறது. மாட்டு வண்டியிலிருந்து இறக்கும்போது நம் பியூன் முனுசாமி, "நம்ம ஐயரு சார் இருந்தாருன்னா மாட்டுக்கே மாலை போட்டிருப்பாரு" என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். வேர்வைக்குத்தான் என்று நானும் வைத்துக்கொண்டேன்.

பழைய தகரப் பெட்டிகளிலிருந்து நம் குறிப்பு அட்டைகளை எடுத்து இதில் அடுக்கும் வேலை நடக்கிறது. புதிதாக வந்திருக்கும் அதிகாரி ஓர் உத்தரவு போட்டிருக்கிறார். எந்தப் பொருட்பெயரின் கீழ் ஒரே ஓர் அட்டைதான் இருக்கிறதோ அந்தப் பெயரைப் புது அலமாரிக்குக் கொண்டுபோக வேண்டாம், கழித்துவிடலாம் என்று. நியாயமான உத்தரவுதான். நானும் தலையசைத்துவிட்டு வந்தேன். திங்கட்கிழமை முனுசாமி ஒரு பெட்டியின் அடியிலிருந்து ஒன்றை உருவி, "இன்னா சார் இது, ஒண்டியா கீது?" என்று நீட்டினான். பென்சிலில் உம்முடைய எழுத்து. அதை வாங்கியது முதல் எனக்கு வேலை ஓடவில்லை. அதனால்தான் உமக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நம் வேலையை வெளியாருக்குச் சொல்லிப் புரியவைக்க நம்மால் முடிந்ததே இல்லை. மருத்துவ நூலகத்தில் நான் புத்தகங்களுக்குத் தூசி தட்டுகிறேன் என்றுதான் என் மாமனார் இன்றுவரை எண்ணிக்கொண்டிருக்கிறார். கப்பல் தபாலில் வரும் ஆராய்ச்சிப் பத்திரிகைகளைப் பிரிப்போம். ஒவ்வொரு கட்டுரையையும் படித்து, இது எதைப் பற்றியது என்று முடிவு செய்வோம். அந்தப் பொருளின் பெயரை ஓர் அட்டையின் தலையில் எழுதி, அதன் கீழே கட்டுரை எந்தப் பத்திரிகையில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று குறித்து, அகரவரிசையில் செருகுவோம். ஒரு கட்டுரை இரண்டு மூன்று பொருளைத் தொட்டால் இரண்டு மூன்று அட்டை. நீர் எழுதியதை நான் சரிபார்ப்பேன், நான் எழுதியதை நீர். எல்லாம் இங்கிலீஷில்தான். இந்த மடலுக்காகத் தமிழில் சொல்லிக்கொள்கிறேன்.

நான் சோம்பேறி. கட்டுரையின் தலைப்பைப் பார்த்ததும் அட்டை எழுதிவிடுவேன். நீர் விட மாட்டீர். "நெத்தியில நாமத்தைப் பார்த்துட்டு ஆளை எடை போடறீரே ஓய், உள்ள என்ன இருக்குன்னு கடைசிப் பக்கம் வரைக்கும் போய்ப் பாரும்" என்பீர். இன்னொன்றும் சொல்வீர். "தேடறவன் எந்த வாசல்ல வந்து நிப்பானோ, அந்த வாசல்ல ஒரு அட்டை இருக்கணும்." தப்பான பெயரின் கீழ் போன கட்டுரை எரிந்துபோன கட்டுரைக்குச் சமம் என்பது உம்முடைய வேதம். அலமாரியிலேயே இருக்கும், யார் கண்ணிலும் படாது.

உம் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகள் நினைவுக்கு வருகின்றன. சித்திரக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் உம் வீடு. உம்முடைய அப்பா, நீர், இரண்டு குழந்தைகள். அழையாமலே வந்து உட்காரும் விருந்தாளியாக நான். உம் மனைவி செல்லம் மன்னி செய்யும் பூசணிக்காய்க் கூட்டுக்கு நான் அடிமை. இரண்டாம் தடவை கேட்டு வாங்குவேன், மூன்றாம் தடவை கேட்காமலே வந்து விழும்.

நீர் சாப்பிடுகிற விதம் ஆபீஸ் முழுக்கப் பிரசித்தம். இலையில் ஒரு பருக்கை மிஞ்சாது. வழித்துச் சுத்தமாக்கிவிட்டுத்தான் எழுந்திருப்பீர். அது வெறும் சிக்கனம் இல்லை, உமக்கு அது கொள்கை. நம் வீடுகளில் புருஷன் சாப்பிட்ட இலையில்தான் பெண்டாட்டி சாப்பிட வேண்டும். அதற்காகவே புருஷன் கொஞ்சம் மிச்சம் வைத்துவிட்டு எழுந்திருப்பான். உமக்கு அந்த வழக்கத்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். "எச்சிலை மிச்சம் வெச்சு அதைப் பொண்டாட்டி திங்கணுமாம். காட்டுமிராண்டித்தனம் ஓய்! எங்காத்துல அதெல்லாம் கெடையாது" என்று விரலை நக்கிக்கொண்டே பிரசங்கம் செய்வீர். கதவுக்குப் பின்னாலிருந்து மன்னியின் குரல் வரும். "இவர் இலையைத் தெருவுல போட்டா பசுமாடு மோந்து பார்த்துட்டுத் திரும்பிப் போறது." நாம் எல்லோரும் சிரிப்போம். மன்னியும் சிரிப்பாள். அவள் சிரித்தாள் என்பதை நான் நன்றாக நினைவு வைத்திருக்கிறேன். எதற்காக என்றுதான் இப்போது தெரியவில்லை.

மூன்றாவது பிரசவத்துக்கு முன் அவள் வெளுத்துப்போனாள். பிள்ளைத்தாய்ச்சி என்றால் அப்படித்தான் என்றார்கள் தெருவில். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, கால் வீங்கியது. பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்தீர். ரத்தம் சுண்டிப்போய்விட்டது என்று அங்கிருந்த வெள்ளைக்கார லேடி டாக்டர் சொன்னதாகச் சொன்னீர். குழந்தையும் தங்கவில்லை, அவளும் தங்கவில்லை. காரியங்கள் முடிந்து நீர் ஆபீசுக்கு வந்த அன்று நான் மை பாட்டிலை உம் பக்கம் நகர்த்தி வைத்தேன். நீர் பேனாவை அதில் தோய்த்து எழுத ஆரம்பித்தீர்.

அதற்கு அடுத்த வருஷம் அந்தக் கட்டுரை வந்தது. சென்னையில் கர்ப்பிணிகளுக்கு வரும் ஒரு வகை ரத்தச்சோகை பற்றிய குறிப்பு என்று தலைப்பு. எழுதியவர் அதே லேடி டாக்டர். நானாக இருந்தால் 'ரத்தச்சோகை' என்று ஓர் அட்டை, 'கர்ப்பம்' என்று ஓர் அட்டை எழுதி, காப்பி குடிக்கப் போயிருப்பேன். அன்று அது உம் பங்குக்கு வந்தது. காலையில் கையில் எடுத்தீர். டிபனுக்கு எழுந்திருக்கவில்லை. முனுசாமி வைத்த காப்பி ஆறிப்போனது. சாயங்காலம் கட்டுரையையும் அட்டைகளையும் சரிபார்க்க என் மேஜையில் வைத்துவிட்டு, ஜன்னல் ஓரம் போய் நின்றுகொண்டீர்.

முதல் மூன்று அட்டைகளில் பழுதில்லை. ரத்தச்சோகை, கர்ப்பம், ஆகாரம். நான்காவது அட்டை பென்சிலில் இருந்தது. அதிகாரியின் சம்மதம் வாங்காத புதுப் பெயர்களை நாம் பென்சிலில்தான் எழுதுவோம். 'வீடு: சாப்பிடும் வரிசை' என்று எழுதியிருந்தீர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வாய்விட்டே கேட்டேன். "என்ன ஓய், பந்தி பரிமாற ஆள் எடுக்கறோமா? இப்படி ஒரு பொருளை யார் வந்து தேடுவா?"

"யாரும் தேட மாட்டா. அதான் எழுதியிருக்கேன். படிச்சுட்டுப் பேசும்" என்றீர், திரும்பிப் பாராமலே.

படித்தேன். நோயாளிகளின் பெயர் கிடையாது, எண்தான். ஒவ்வொருத்தியும் என்ன சாப்பிட்டாள் என்பதை அந்த டாக்டர் ஒரு நர்ஸை வைத்துக்கொண்டு தமிழில் விசாரித்து எழுதியிருந்தார். அதில் ஒருத்தி மயிலாப்பூர்க்காரி, நூலக குமாஸ்தா ஒருவரின் மனைவி. குடும்பம் ஏழைக் குடும்பம் அல்ல. மாமனார், கணவர், குழந்தைகள் எல்லோரும் உண்டபின் உண்பவள். வழக்கப்படி கணவரின் இலையிலேயே உண்பவள், அவர் அதில் எதையும் விட்டுவைப்பதில்லை. காய்கறியும் நெய்யும் அவள் முறை வருமுன் தீர்ந்துவிடும், பெரும்பாலும் சோறும் ரசமும்தான். வெள்ளிக்கிழமையும் கிருத்திகையும் விரதம். விருந்தாளி வரும் நாட்களில் சோறும் மோரும்.

விருந்தாளி வரும் நாட்களில். அந்த வரியில் என் கண் நின்றுவிட்டது. கேட்காமலே மூன்றாம் தடவை வந்து விழுந்த பூசணிக்காய்க் கூட்டு யாருடைய பங்கு என்று அப்போதுதான் தெரிந்தது.

நீர் ஜன்னலைப் பார்த்தபடியே பேசினீர். "வெறும் இலையில உட்கார்ந்து சாப்ட்டிருக்கா ஓய். நான் ஆபீசுக்குக் கிளம்பினப்புறம் அதே இலையை இழுத்துப் போட்டுண்டு. எச்சில் வைக்கக் கூடாதுன்னு நான் பிரசங்கம் பண்ணினேனே, அடுக்களையில பாத்திரத்துல என்ன இருக்குன்னு ஒருநாள் எட்டிப் பார்த்தேனா? மத்தவாத்துல காட்டுமிராண்டியாவது ஒரு கரண்டி கூட்டு மிச்சம் வெச்சிருப்பான்."

"மன்னி உம்மண்ட ஒண்ணும் சொல்லலையே" என்றேன்.

"கேட்டாத்தானே சொல்லுவா? அந்த வெள்ளைக்காரி கேட்டிருக்கா, சொல்லியிருக்கா."

எனக்குப் பயம் வந்தது. மயிலாப்பூரில் நூலக குமாஸ்தா எத்தனை பேர்? இந்தக் கட்டுரை ரத்தச்சோகைக் கட்டுக்குள் கிடந்தால் ரத்தத்தைப் பற்றித் தேடுகிற டாக்டர் புரட்டுவார், எண்களைப் பார்த்துக்கொண்டு போவார். இப்படி ஒரு விசித்திரப் பெயரைத் தலையில் எழுதி வைத்தால் அந்த ஒரு பத்தியைத்தான் நேரே விரல் வைத்துக் காட்டும். நம் ஊர் வாய் சும்மா இருக்குமா? பெண்டாட்டியைப் பட்டினி போட்டுக் கொன்றவன் என்று குளத்தங்கரையில் பேசுவார்கள். உம் பெண்ணுக்கு நாளைக்கு வரன் வர வேண்டாமா? இதையெல்லாம் சொன்னேன். அந்த நாலாவது அட்டையைக் கிழித்துவிடும், எனக்கும் உமக்கும் தவிர யாருக்கும் தெரியாது என்று கெஞ்சினேன்.

அப்போதுதான் திரும்பினீர். கோபமாக இருப்பீர் என்று நினைத்தேன். முகத்தில் களைப்பு மட்டுமே இருந்தது. "ரத்தம்னு போட்டா, அவ வியாதியில செத்துப்போனாள்னு ஆயிடும். கர்ப்பம்னு போட்டா, பிரசவத்துல போனாள்னு ஆயிடும். எல்லாம் நிஜம்தான். ஆனா அவ எதுல செத்தாளோ அதுக்கு ஒரு பேர் வேண்டாமா ஓய்?"

நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

அப்போதிருந்த அதிகாரி அட்டையைப் பார்த்துவிட்டு நம் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். "இது சயன்ஸ் லைப்ரரியா, சமையல் கிளாஸா?" என்றார். கட்டுரையில் அந்த விஷயம் இருக்கிறது என்றீர். கட்டுரையில் ஆயிரம் இருக்கும், ஒரு கட்டுரையில் ஒரு பத்தி வந்தால் அது ஒரு பொருள் ஆகிவிடுமா என்று கேட்டார். அந்தக் கேள்வியில் தப்பில்லை, நம் விதியே அதுதான். கடைசியில், "இன்னொரு கட்டுரை வந்தால் மையில் எழுதிக்கொள்ளும். அதுவரை பென்சிலில் இருக்கட்டும். வராவிட்டால் எடுத்துவிடும்" என்று முடித்தார். அந்தக் கட்டுரையில் இருப்பது யார் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் சுலபமாகச் சம்மதித்திருப்பார், ஆனால் நீர் சொல்லவில்லை. அனுதாபத்தில் கிடைக்கிற பொருட்பெயர் எனக்கு வேண்டாம் என்று படி இறங்கும்போது சொன்னீர். இவ்வளவு வீம்பு எதற்கு என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அதன் பிறகு நீர் படித்த படிப்பு எனக்குப் பொறுக்கவில்லை. எந்தப் பத்திரிகை வந்தாலும் முதலில் உமக்கு. க்ஷயரோகமா, குழந்தைகளின் எடையா, தாய்ப்பாலா, கடைசி வரி வரை போய்ப் பார்ப்பீர். ஆகார ஆராய்ச்சிகள் வர ஆரம்பித்த காலம் அது. இந்தத் தடவை அகப்பட்டுவிட்டது என்று ஒவ்வொன்றையும் ஆவலாகத் திறப்பீர். ஒரு குடும்பம் ஒரு நாளில் வாங்கிய அரிசி இவ்வளவு, பருப்பு இவ்வளவு, அதைக் குடும்பத்தில் உள்ளவர்களுக்கு வகுத்தால் தலைக்கு இவ்வளவு என்று இருக்கும். ஒருநாள் அப்படி ஒரு பட்டியலை என் முன் விரித்து வைத்தீர். "வகுத்தல் கணக்குல எல்லாரும் வயிறாரச் சாப்ட்டிருக்கா, பாரும். எங்காத்தை வகுத்துப் பார்த்தாலும் செல்லத்துக்கு நெய், பருப்பு எல்லாம் கெடைச்சிருக்கும். காகிதத்துல." பட்டியலை மடித்து 'ஆகாரம்' கட்டுக்குள் போட்டுவிட்டீர். இரண்டாவது அட்டை வரவில்லை.

உம்மோடு சாப்பிட உட்காருவதும் கஷ்டமாகிவிட்டது. உம் அக்கா வந்து வீட்டைப் பார்த்துக்கொண்டாள். அவள் முதலில் உட்காரட்டும் என்று அடம் பிடிப்பீர். "நன்னாயிருக்கு, ஆம்பளைகள் பார்த்துண்டு நிக்க நான் கொட்டிக்கணுமா?" என்று அவள் சத்தம் போடுவாள். கடைசியில் யாருமே நிம்மதியாகச் சாப்பிட மாட்டீர்கள். ஒரு பெயரை அட்டையில் எழுதுவது சுலபம் ஓய், அந்த அடுக்களையில் எழுதத்தான் உம்மாலும் முடியவில்லை.

போன ஆடியில் காய்ச்சலில் படுத்தீர். நான் வந்து பார்த்தபோது தபால் கப்பல் வந்ததா என்று கேட்டீர். வந்தது, ஒன்றும் இல்லை என்றேன். தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டீர். பொய்யாவது சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் உம்மிடம் பொய் சொன்னால் பக்க எண் கேட்பீர்.

திங்கட்கிழமை கைக்கு வந்த அந்த அட்டையை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உத்தரவுப்படி கழிக்க வேண்டியதுதான். மனசு வரவில்லை. புது அதிகாரியிடம் போய்ச் சொல்லவும் வாய் வரவில்லை, எதைச் சொல்ல? நேற்று ஒரு பெண் வந்தாள். சாந்தோம் பக்கத்து லேடி டாக்டர், சின்ன வயது, கழுத்தில் சிலுவை, ரிக்‌ஷாவில் வந்த புழுதி புடவையில் இருந்தது. கர்ப்பிணிகளின் ரத்தச்சோகை பற்றி இருப்பதையெல்லாம் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். புரட்டிவிட்டுப் போகாமல் நின்றாள்.

"சார், நான் கேக்கறது பைத்தியக்காரத்தனமா இருக்கலாம். எங்க டிஸ்பென்சரிக்குக் குப்பத்துப் பொம்பளைங்களும் வர்றாங்க, பெரிய வீட்டுப் பொம்பளைங்களும் வர்றாங்க. மீன் விக்கிற பொம்பளை கூடையைத் தூக்கறதுக்கு முன்னாடியே கஞ்சி குடிச்சுடுது. வசதியான வீட்டு மருமகள்தான் வெளுத்துப்போய் வந்து நிக்கறா. வீட்டுல யார் முதல்ல சாப்பிடறாங்க, யார் கடைசி, என்ன மிஞ்சுது, இதைப் பத்தி யாராவது எழுதியிருக்காங்களா? நான் எழுதலாம்னு பார்க்கறேன். அப்படி ஒரு சப்ஜெக்ட் இருக்குதான்னே தெரியலை."

மேஜை மேல் கிடந்த அட்டையை எடுத்து அப்படியே அவளிடம் நீட்டினேன். தலையில் இருந்த பெயரை அவள் படித்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். பத்திரிகையைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பத்தியை நின்றபடியே படித்தாள், பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தாள், எழுதிக்கொண்டாள். அவள் எழுதப்போகும் கட்டுரையை எவன் அச்சுப் போடுவானோ, மாட்டானோ, எனக்குத் தெரியாது. இரண்டாவது அட்டை வரும் என்று உமக்குச் சத்தியம் செய்ய முடியாது. அவள் படித்துக்கொண்டிருக்கும்போதே அட்டையைத் திரும்ப வாங்கி, அந்தப் பென்சில் எழுத்தின் மேல் மையை ஓட்டிப் புது அலமாரியில் செருகிவிட்டேன். அதிகாரி கேட்டால் கேட்கட்டும்.

என் வீட்டு நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். கை அலம்புமுன் நான் அடுக்களையில் எட்டிப் பார்க்கிறேன். "இதென்ன புதுப் பழக்கம், பாத்திரத்துல நான் ஏதாவது ஒளிச்சு வெச்சிருக்கேனா?" என்கிறாள் இவள். கூட்டு இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது என்கிறாள். மூடியைத் திறந்து காட்டு என்று கேட்கத் தைரியம் வரும் நாளும் உண்டு, வராத நாளும் உண்டு.

அந்தப் பெண் கிளம்பும்போது, "இந்தப் பேரை வெச்சது யாரு சார்?" என்று கேட்டாள்.

இங்கே வேலை பார்த்த ஒரு நண்பர், இப்போது இல்லை என்றேன்.

"ஆம்பளையா?" என்று ஆச்சரியப்பட்டாள். "இதைக் கூட யோசிச்சுப் பார்த்திருக்காரே. அவங்க வீட்டம்மா குடுத்து வெச்சவங்க சார்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அவள் நோட்டில் எழுதிக்கொண்டு போவது அந்த வீட்டம்மாளைத்தான் என்று சொல்லியிருக்க வேண்டுமா? உண்மைக்கு ஒரு பெயர் வேண்டும் என்று நின்றவர் நீர். உம் பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். சிரித்துக்கொண்டே படி இறங்கிப் போனாள். அவளைத் திரும்பக் கூப்பிட வாயைத் திறந்தேன், ரிக்‌ஷா கிளம்பிவிட்டது.